மூச்சுக்குத் தள்ளுபடி!

(படிப்பக விழாவொன்றில் ஆற்றிய உரையிலிருந்து)

தோழனே! ஆடி மாதத்திலே துணிக்குத் தள்ளுபடி உண்டு, அறிவாய். மனிதன் விடும் மூச்சுக்கே தள்ளுபடி போட்ட நாட்டை அறிவாயா? அமெரிக்கா!

நுரையீரலின் ஆற்றலை அளக்க ஒரு கருவி இருக்கிறது. குழாயிலே ஊதினால், இத்தனை லிட்டர் என்று காட்டும். வயது என்ன, உயரம் என்ன, ஆணா பெண்ணா என்று கேட்பார்கள், முறைதான். அத்தோடு நின்றார்களா? என்ன இனம் என்றும் கேட்டார்கள். கருப்பர் என்றால், வரவேண்டிய அளவிலே 10 முதல் 15 விழுக்காடு குறைத்துக்கொண்டார்கள். நம்மையும் மறந்தாரில்லை, ஆசியர் என்றால் 4 முதல் 6!

குறைத்தால் என்ன என்கிறாயா? கணக்குப் போட்டுப் பார். ஒரு தொழிலாளிக்கு 4 லிட்டர் வரவேண்டும். ஊதினால் வருவது 3. அதாவது 75 விழுக்காடு. 80க்குக் கீழே போனால் பழுது என்பது மருத்துவர்கள் நெடுநாள் வைத்திருந்த எல்லை. ஆகவே அவன் நோயாளி. அவனே கருப்பினத்தான் என்றால்? 15 விழுக்காடு கழித்து, 4 லிட்டரை 3.4 ஆக்கிவிடுவார்கள். அதே 3 லிட்டர், இப்போது 88 விழுக்காடு! நலமாயிருக்கிறாய், போய் வேலையைப் பார்! நுரையீரல் அதேதான், தூசும் அதேதான். நட்டஈடு மட்டும் பறந்தது. கற்பனையன்று, தோழனே! 1999இல் பால்டிமோர் நீதிமன்றத்திலே, கல்நார்ப் பொருள் செய்த நிறுவனம் ஒன்று, வழக்காடும் கருப்பருக்குத் தனி அளவுகோல் வேண்டுமென்று வாதாடிற்று.

இந்தக் கழிவின் பிறப்பைக் கேள். 1851இல் கார்ட்ரைட் என்ற தென்மாநில மருத்துவர், அடிமைகளின் நுரையீரல் ஆற்றல் வெள்ளையருடையதினும் 20 விழுக்காடு குறைவென்றார். ஆகவே அடிமை உழைப்பே அவர்களுக்கு நலம் என்றார்! (தப்பியோடுவதும் ஒரு நோய் என்று கூறி, சவுக்கடியை அதற்கு மருந்தாகச் சொன்ன மேதையும் இவரே.) 1869இல் கூல்ட் என்பார் படைவீரர்களை அளந்து எண்களை வெளியிட்டார். எண் இருந்தது, பருத்திக் காட்டிலும் குடிசையிலும் கழிந்த வாழ்வு அந்தக் கணக்கிலே இல்லை.

அப்படியானால் இனம் என்ற பத்தியையே ஆய்வேட்டிலிருந்து அடித்துவிடலாமே என்பர் நல்லவர் சிலர். கூடாது! 1982இல் வட கரோலினாவின் வாரன் வட்டாரத்திலே நடந்ததைப் பார். நச்செண்ணெய் கலந்த மண்ணைக் கொட்ட இடம் தேடிய அரசு, கருப்பர் மிகுந்து வாழும் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தது. லாரிகளின் முன்னே மக்கள் படுத்தனர். 500 பேருக்கு மேல் கைதாயினர். 1987இல் ஒரு திருச்சபையினர் நாடு முழுவதும் கணக்கெடுத்தனர். நச்சுக்கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்பதை, வருவாயைக் காட்டிலும் இனமே சரியாகக் காட்டிற்று. பத்தியை அடித்திருந்தால் இது வெளிவந்திருக்குமா? நுரையீரலுக்குள்ளே இனத்தைத் தேடியவன் முதலாளிக்குச் சான்றிதழ் எழுதினான். தெருவிலே தேடியவன் குற்றவாளியைப் பிடித்தான்.

பெண்ணின் கதை வேறு. அவளைத் தவறாக அளக்கவில்லை, நினைக்கவே இல்லை! கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டுக் குழு 1975இல் வகுத்த மாதிரி மனிதன் யார்? 20 முதல் 30 வயது, 70 கிலோ எடை, வெள்ளை ஆண். அவன் வயிற்றிலே கரு வளராது. அடுப்படிப் புகையும் அவனுக்கில்லை.

2023இல் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம், இனக் கழிவை விட்டுப் பொது அளவையே கொள்ளுமாறு பரிந்துரைத்தது. வரவேற்போம். ஆனால், 'நலம்' என்று எழுதித் திருப்பியனுப்பிய தொழிலாளரின் பழைய ஏடுகள் இருக்கின்றனவே, அவற்றை எடுத்து மறுகணக்குப் போடப்போவது யார்?