கடுகு காக்கும் முட்டைகோசு

சில ஆண்டுகளுக்கு முன், தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டை அடுத்த ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். என்னிடம் படித்த உழவர் ஒருவர் தம் முட்டைகோசுத் தோட்டத்தைக் காட்டினார். இலைகள் யாவும் சல்லடைபோல் துளைபட்டுக் கிடந்தன. "வாரந்தவறாமல் மருந்து அடித்தேன், ஐயா. கடைசியில் மருந்துக் கடன்தான் மிஞ்சியது" என்றார். அடித்த மருந்துக்குப் பூச்சி சாகாதது ஏன்?

பகையை வெல்ல விரும்புவோர் முதலில் அதனை அறிதல் வேண்டும். இதன் பெயர் வைரமுதுகு அந்துப்பூச்சி. சிறகை மடக்கி அமர்ந்திருக்கையில், முதுகில் வைர வடிவான மூன்று வெளிர்ப் புள்ளிகள் தோன்றும். இதன் புழு பச்சை நிறத்தது. தொட்டால் நெளிந்து, மெல்லிய இழையைப் பற்றிக் கீழே தொங்கும். வெப்பமான இடங்களில் ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடும்.

ஒரே நஞ்சை மீண்டும் மீண்டும் தெளித்தால், அதனைத் தாங்கவல்ல சில புழுக்கள் மட்டும் தப்புகின்றன. அவற்றின் வழிவந்தவையும் அந்த நஞ்சைத் தாங்குகின்றன. புழுக்களை அழிக்கும் சிறு குளவிகளோ அந்நஞ்சால் மடிகின்றன. இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. சாவகத் தீவில் டி.டி.டி. மருந்துக்கு இப்பூச்சி அடங்கவில்லை என்பது 1953ஆம் ஆண்டிலேயே அறிவியல் ஏட்டில் பதிவாயிற்று.

பின், வழிதான் என்ன? பெங்களூரை அடுத்த எசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் எளிய வழியொன்றைக் கண்டனர். தாய்ப்பூச்சி கோசைவிடக் கடுகுச் செடியை மிகவும் நாடி முட்டையிடும். ஆகவே 25 வரிசைக் கோசுக்கு 2 வரிசைக் கடுகு வேண்டும். ஒரு வரிசையைக் கோசு நடுவதற்கு 15 நாள் முன்னும், மற்றதை நட்ட 25 நாள் பின்னும் விதைத்தால், இளங்கடுகு எப்போதும் வயலில் நிற்கும். கடுகில் சேரும் புழுக்களை அங்கேயே அழித்துவிட வேண்டும். தவறினால், கடுகே பூச்சிக்கு நாற்றங்காலாகிவிடும்.

கோசுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் உதவும். 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

இதனைச் சொன்னபோது, "இரண்டு வரிசை நிலம் வீணாகுமே" என்று அந்த உழவர் தயங்கினார். ஒன்பதாம் வகுப்பில் படித்த அவர் மகளோ, அடுத்த பருவத்தில் வாரந்தோறும் பத்துச் செடிகளைப் புரட்டிப் பார்த்து, புழுக்களை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதினாள். எண்ணிக்கை உயர்ந்தபோது மட்டும் தெளித்தனர். கோசு முழுவதும் பழுதின்றிக் கிடைத்தது என்று கூறமாட்டேன். ஆனால், புதிய கடன் ஏறவில்லை. கைகளில் நஞ்சு படும் நாள்களும் குறைந்தன.

மாணவர்களே, நீங்களும் உங்கள் வீட்டு வயலில் இவ்வாறு எண்ணிப் பாருங்கள். ஐயம் எழுந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தாரை அணுகலாம். மருந்துக் கடைக்குப் போகுமுன் வயலுக்குப் போய்ப் பார்க்கும் வழக்கம் வரட்டும். அந்தச் சிறுமியின் குறிப்பேட்டுக்கு இரண்டு ரூபாய்ப் பென்சில் ஒன்றே செலவாயிற்று.