முதுமையும் சிறுநீரகக் கல்லும்

"இந்த வயதில் கத்தி எதற்கு?" தில்லியில் நம் அண்டை வீட்டு நண்பர் சென்ற ஆண்டு இவ்வாறு கேட்டார். தஞ்சை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்து அவருடன் தங்கியிருந்த தாயாருக்கு வயது 72. வலது சிறுநீரகத்தில் 3 சென்டிமீட்டர் அளவுள்ள கல் இருப்பதாகப் படம் காட்டிற்று. அம்மையாருக்குப் பெருவலி ஏதும் இல்லை. அவ்வப்போது காய்ச்சலும் முதுகில் ஒரு கனமுமே. ஆகவே வாழைத்தண்டுச் சாறும் பார்லித் தண்ணீரும் போதுமென்று நண்பர் கருதினார்.

நேயர்களே, சிறுநீரகத்திலிருந்து சிறுநீரைக் கீழே கொண்டு செல்லும் குழாயின் உள்வழி சில மில்லிமீட்டர் அகலமே உடையது. சிறு கல் அதன் வழியே தானாக இறங்கிவிடக்கூடும்; 3 சென்டிமீட்டர்க் கல் எந்தச் சாற்றுக்கும் இறங்காது. வலி தராமல் இருந்துகொண்டே அது கிருமிகளுக்குப் புகலிடமாகும்; நாளடைவில் சிறுநீரகத்தையே அழிக்கும்; கிருமி இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஊறு நேரும்.

கத்தி என்றதும் விலாவை நீளக் கீறும் பழைய முறையே பலருக்கு நினைவு வருகிறது. முதுகுப்புறத் துளை வழியே கல்லை எடுக்கும் முறையை 1976-இல் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் ஃபெர்ன்ஸ்ட்ரமும் யோஹான்சனும் வெளியிட்டனர். 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கற்களுக்கு இன்று பெரும்பாலும் அம்முறையே கையாளப்படுகிறது. ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அல்லது அதனினும் சிறிய துளையில் கருவியைச் செலுத்தி, கல்லை உள்ளேயே உடைத்துத் துண்டுகளை எடுத்துவிடுவர். வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திப் பொடியாக்கும் முறை 1980 முதல் உண்டு. ஆயினும் பெருங்கல்லின் துணுக்குகள் குழாயில் குவிந்து அடைத்துக்கொள்ளக்கூடும்.

வயது மட்டுமே இதற்குத் தடையன்று. இதயம், நுரையீரல், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் நிலையைக் கொண்டே மருத்துவர் முடிவு செய்வார். சிறுநீரில் கிருமியிருப்பின் முதலில் அதனை மருந்தால் அடக்க வேண்டும். அறுவையில் அஞ்சத்தக்கவை இரத்தப் போக்கும் கிருமித் தொற்றுமே.

அம்மையாருக்கு இந்தி தெரியாது. மருத்துவர் கேட்பவற்றுக்கெல்லாம் மகனே விடையளித்து வந்தார். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை ஏதேனும் உண்டா என்ற வினாவுக்கும் "இல்லை" என்றே சொல்லிவிட்டார். துணைக்குச் சென்றிருந்த நாம், மொழிபெயர்ப்பே பிழைப்பானவர் என்ற உரிமையில், அதனைத் தமிழில் அம்மையாரிடம் கேட்டோம். "நெஞ்சுக்கு நல்லதுன்னு ஊர் டாக்டர் கொடுத்த சின்ன மாத்திரை, ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் தினம் போட்டுக்கிறேனே" என்றார். மடிசஞ்சியிலிருந்து எடுத்துக் காட்டினார், ஆஸ்பிரின். மகன் திகைத்துப் போனார். இத்தகைய மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. இதய மருத்துவரைக் கலந்துகொண்ட பின்னரே அறுவைக்கு நாள் குறித்தார்கள்.

கல் முழுதும் வெளிவந்தது. சிறுநீர் தடையின்றி இறங்குவதற்காக உள்ளே மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, சில வாரங்களில் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அம்மையாருக்கு அதற்குள் உடம்பு தேறிவிட்டது. ஊர் நினைவும் வந்துவிட்டது. நண்பர் ரயிலில் இடம் பதிவு செய்துவிட்டு வந்து மகிழ்ச்சியோடு சொன்னார். குழாய் எடுக்கும் தேதிக்கு நான்கு நாள் முந்திய பயணம் அது. மறந்து விடப்பட்ட குழாயின் மீது மீண்டும் கல் படியும் என்று சொல்லி, அன்றே அந்தச் சீட்டை ரத்துச் செய்ய வைத்தோம்.