பனிமலையில் கேட்ட ஒரு 'வேண்டாம்'

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



படப்பைக்காரன் பனிச்சறுக்கு பற்றிப் பேசுவான் என்று செயலாளர் அறிவித்ததும் பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. நியாயம்தான். எங்க ஊரில் ஐஸ் என்றால் குச்சி ஐஸ்தான்!

என் மகனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்து, எனக்கும் தொற்றிவிட்டது. மூன்று குளிர்காலம் காஷ்மீர் குல்மார்க்கில் விழுந்து எழுந்து பழகினோம். கனடாவில் 1975 முதல் சங்கிலிச் சக்கர வண்டியில் ஆட்களை மலைமேல் ஏற்றிச் சறுக்க விடுகிறார்கள். குல்மார்க்கில் அந்த வேலையைக் கேபிள் கார் செய்கிறது. 2005-இல் திறந்த அதன் இரண்டாம் கட்டம், சுமார் 13,000 அடி உயரத்தில் ஆப்பர்வட் மலையில் கொண்டுபோய் விடும். அதற்கப்பால் பாதை கிடையாது. வழிகாட்டிதான் பாதை.

2024 ஜனவரி முழுக்க அங்கே பனியே இல்லை. மாதக் கடைசியில்தான் கொட்ட ஆரம்பித்தது. பிப்ரவரி முதல் வாரம் நாங்கள் போனபோது மாவு சலித்துப் போட்ட மாதிரி புதுப்பனி. எதிரே ஒருத்தர் கால் படாத சரிவு. மனசு துள்ளியது.

வழிகாட்டி மண்வெட்டியால் பனியில் குழி தோண்டினார். அடியில் பழைய பனி சர்க்கரை மாதிரி உதிர்ந்தது. கடுகைக் கொட்டி அதன்மேல் பலகை வைத்தால் எப்படி நிற்கும்? அப்படித்தான் அதன்மேல் புதுப்பனி நின்றது. கையால் தட்டினார், மேல்அடுக்கு வழுக்கி விழுந்தது. "இன்னிக்கு இது வேண்டாம் சார்" என்றார்.

எனக்குக் கோபம். இவ்வளவு செலவு செய்து வந்து இதற்கா? "ஒரே ஒரு தடவை" என்று வாதாடினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "சரி. முதல்ல யாரை இறக்கட்டும்? உங்களையா, உங்க பையனையா?" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். பனிக்குள் புதைந்தவரைத் தேட இடுப்பில் கருவி கட்டியிருந்தோம். ஆனால் முதல் பத்து, பதினைந்து நிமிடத்தில் வெளியே எடுத்தால்தான் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

கீழே மரங்களுக்கிடையே, சாய்வு குறைந்த வழியில் கூட்டிப்போனார். முழங்காலளவு பனி. சத்தமே இல்லாமல் மிதந்து இறங்கினோம். அந்தச் சுகத்தைச் சொல்ல எனக்குத் தமிழ் போதாது.

அந்தச் சரிவு அன்று சரியவில்லை. மறுநாளும் சரியவில்லை. "அவர் சும்மா பயமுறுத்தினாரோ?" என்று தோன்றியது. ஊர் திரும்பிய பின், பிப்ரவரி 22 அன்று குல்மார்க்கின் மேல்சரிவுகளில் பனி சரிந்து ரஷ்யர் ஒருவர் இறந்த செய்தி வந்தது. முந்தைய ஆண்டு பிப்ரவரியில் அதே மலையில் போலந்து நாட்டினர் இருவர் போனார்கள். செய்தித்தாளோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இது மலைக்கு மட்டுமா? அடையாற்றின் ஓரத்தில் பள்ளத்தில் மனை வாங்கும்போது, "தண்ணி வர்ற இடம், வேண்டாம்பா" என்று பெரியவர்கள் சொன்னார்கள். "இத்தனை வருஷம் வரலையே" என்றோம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு போனதை நீங்களே பார்த்தீர்கள்.

ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்றாகாது. இடத்தை அறிந்தவன் 'வேண்டாம்' என்றால் கேட்டுக்கொள்வோம்.