ஒரு பாசறையின் சாட்சியம்



இன்று உங்கள் முன்னிலையில் ஒரு சிறு நூதனசாலையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மன்னர்களின் முடியோ வாளோ அங்கே இல்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட கரோலினா மாநிலத்தில், ஜாக்சன்வில் நகரையடுத்து, ஒரு பழைய படைமுகாமின் கட்டடத்திலே அது அமைந்திருக்கிறது. மொன்ட்போர்ட் பொயின்ட் என்பது அம்முகாமின் பெயர். 1942ஆம் ஆண்டு தொடக்கம் 1949ஆம் ஆண்டு வரை ஏறக்குறைய 20,000 கறுப்பின இளைஞர்கள் மரைன் படைவீரராக அங்கே பயிற்றப்பட்டனர். வெள்ளையர் பயின்ற இடங்கள் வேறு. இவர்களுக்கென ஒதுக்கப்பட்ட இடம் இது.

அந்த வாய்ப்பு யாரேனும் மனமுவந்து அளித்த கொடையா? அன்று. நூறாண்டுகளுக்கு மேலாக மரைன் படை கறுப்பு மக்களுக்குக் கதவடைத்திருந்தது. 5,000 வெள்ளையரா, 250,000 கறுப்பரா என்று கேட்டால் வெள்ளையரையே தாம் விரும்புவதாக அப்படையின் தலைவரான தோமஸ் ஹொல்கொம் வெளிப்படையாகவே கூறினார். அக்கதவு எவ்வாறு திறந்தது? 1941ஆம் ஆண்டில், புகையிரதப் படுக்கைப் பெட்டித் தொழிலாளரின் தலைவரான பிலிப் றண்டோல்ப், தம் மக்களைத் திரட்டி வாஷிங்டன் நகருக்கு ஊர்வலமாக வருவோம் என்று அறிவித்தார். ஊர்வலம் புறப்படுமுன்னரே, யூன் 25ஆம் நாள், சனாதிபதி றூஸ்வெல்ட் 8802ஆம் இலக்கக் கட்டளையில் ஒப்பமிட்டார். பாதுகாப்புத் தொழில்களிலும் அரசாங்க வேலைகளிலும் இனப்பாகுபாடு காட்டலாகாது என்றது அக்கட்டளை. அடுத்த ஆண்டு, 1942 ஓகஸ்ட் 26ஆம் நாள், முதல் இளைஞர்கள் மொன்ட்போர்ட் பொயின்டில் வந்திறங்கினர்.

கதவு திறந்தது, ஆனால் சமத்துவம் உள்ளே வரவில்லை. அருகிலிருந்த லெஜூன் பெருமுகாமினுள் கறுப்பு வீரன் ஒருவன் கால் வைக்க வேண்டுமாயின், வெள்ளை வீரன் ஒருவன் உடன்வர வேண்டும். சீருடை ஒன்றே, ஆனால் வாயிலிலே வேறு நீதி! உலகின் விடுதலைக்காகப் போரிடச் சென்றவர்களுக்குத் தம் சொந்த முகாமின் வாயிலைத் தனியே கடக்கும் விடுதலை இருக்கவில்லை.

தொடக்கத்தில் அவர்களைப் பயிற்றியவர்கள் வெள்ளையரே. ஆயினும் 1943ஆம் ஆண்டிலேயே கில்பேட் ஜோன்சன், எட்கார் ஹவ் போன்ற கறுப்பினப் பயிற்றுநர்கள் அப்பொறுப்பை ஏற்றனர். போர்க்காலத்தில் 19,168 கறுப்பினத்தவர் மரைன் படையில் சேவை செய்தனர். அவர்களுள் 12,738 பேர் கடல் கடந்து சென்றனர். பெரும்பாலோருக்குக் கிடைத்த வேலை வெடிமருந்தும் பண்டமும் சுமப்பது. எனினும் 1944 யூனில் சைபான் தீவின் கரையிலே குண்டு மழை பொழிந்தபோது, சுமந்தவர்களே துப்பாக்கி ஏந்திப் போரிட்டனர், உயிரும் ஈந்தனர். அவர்களுள் ஒருவரேனும் போர் முடியும்வரை அதிகாரி ஆகவில்லை. முதலாவது கறுப்பின மரைன் அதிகாரியாகிய பிரெட்றிக் பிராஞ்ச் பதவி பெற்ற நாள் 1945 நவம்பர் 10. அப்போது போர் ஓய்ந்து விட்டது.

1948இல் சனாதிபதி ட்றூமன் படைகளில் சமத்துவம் வேண்டுமெனக் கட்டளையிட்டார். 1949இல் அத்தனி முகாம் மூடப்பட்டது. 1974இல் அவ்விடத்துக்கு ஜோன்சனின் பெயர் சூட்டப்பட்டது. காங்கிரஸ் சபையின் தங்கப்பதக்கம் 2012இல் வந்தது. முதல் இளைஞன் அவ்வாயிலில் நுழைந்து எழுபது ஆண்டுகள்! பெரும்பாலோர் அதற்குள் மண்ணோடு மண்ணாகி விட்டனர்.

நண்பர்களே! நீதிமன்றத்திலே பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அநீதியை மறைப்பதற்கு வழி இரண்டு உண்டு. அப்படியொன்று நடக்கவேயில்லை என்று மறுப்பது ஒரு வழி. பாதிக்கப்பட்டவனுக்கு மாலை சூட்டி, அவன் வீரத்தை மட்டும் புகழ்ந்து, அவனைத் தடுத்து நிறுத்திய வாயிலைப் பேசாது விடுவது மற்றொரு வழி. முன்னையதைச் சான்றுகாட்டி முறியடித்தல் எளிது. பின்னையதோ இனிமையானது, ஆதலால் அதுவே பெரிதும் ஆபத்தானது. மாலையோடு வாயிலையும் நினைவில் வைத்திருப்பதே அச்சிறு நூதனசாலையின் பணி.

அப்பணியை அரசாங்கம் தொடங்கித் தரும் என்று அவ்வீரர்கள் காத்திருக்கவில்லை. 1965இல் பிலடெல்பியா நகரில் ஒன்றுகூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அச்சங்கத்தின் உழைப்பினால் உருவானதே இந்நூதனசாலை. 2016இல் அங்கே திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் 20,000 விண்மீன்கள் பொறிக்கப்பட்டுள்ளன. விண்மீனைப் பொறிப்பது எளிது. ஒவ்வொன்றுக்கும் உரிய மனிதனைக் கண்டறிவதன்றோ அரிது! பதக்கத்துக்கு உரியவர்களின் குடும்பங்களைத் தேடும் பணி அதன் பின்னரும் தொடர்ந்தது. பேரப்பிள்ளையின் வீட்டுப் பெட்டியிலே கிடக்கும் ஒரு சேவைப் பத்திரம், சீருடையணிந்த ஒரு நிழற்படம், இவையே அங்கு சான்றாகின்றன.

உழவர் பெருமக்களே! காணி உறுதியைப் பெட்டகத்திலே வைத்துக் காப்பவர்கள் நீங்கள். நிலம் கண்முன்னே கிடக்கிறதே, கடதாசி எதற்கு என்று நீங்கள் எண்ணுவதில்லை. எல்லைத் தகராறு வரும் நாளில் பேசுவது அந்தக் கடதாசியே என்பதை அறிவீர்கள். ஒரு மக்களின் வரலாற்றுக்கும் உறுதி வேண்டும். நம் முன்னோரின் கடிதமும் படமும் பத்திரமும் கறையானுக்கு இரையாகுமுன் எடுத்துத் துடைத்து, யாருடையவை, எந்த ஆண்டினவை என்று எழுதி வையுங்கள். பிற்காலத்தில் நம் பிள்ளைகள் வழக்காடும்போது கைவெறுமையாய் நிற்கலாகாது.