யாளி வேணாம், கட்டுமரம் போதும்: முதல் கிடாரில் சிப்பி பதித்த கதை

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

போன எபிசோடில் கிடாரோட கழுத்தைச் செதுக்கி முடிச்சதுவரைக்கும் பேசினோம். இன்னைக்கு அலங்காரம், அதாவது இன்லே. மரத்தில் பள்ளம் தோண்டி, அதே வடிவத்தில் வெட்டின சிப்பியை அதில் உட்கார வைக்கிற வேலை. முதல்லயே சொல்லிடறேன்: இது இல்லாட்டியும் கிடார் நல்லாவே பாடும். ஆனா தப்பாப் போனா, பல மாச உழைப்பு நெத்தியில் ஒரு வடுவோட நிக்கும். எனக்கு அது கிட்டத்தட்ட நடந்துச்சு.

இந்த வேலை நமக்குப் புதுசில்லை. தஞ்சாவூர் வீணையைப் பாருங்க. பலா மரத்து உடம்பு, யாளி முகம், ஓரமெல்லாம் பதிச்ச தகடு. ஒரு காலத்தில் அது யானைத் தந்தம். 1986-ல் சட்டம் திருத்தப்பட்டு இந்திய யானைத் தந்த வியாபாரம் தடையாச்சு. தந்தத்துக்குப் பதிலா மான் கொம்பு வந்துச்சு, இப்போ பெரும்பாலும் பிளாஸ்டிக் தகடுதான். 2013-ல் அந்த வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. பொருள் மாறினாலும் வேலை நிக்கலை.

அந்த வீணை நினைப்பில்தான் என் கிடார் தலையிலும் யாளி வைக்க ஆசைப்பட்டேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை இருக்கு இல்லையா, சுத்திலும் யாளித் தலைகள். அங்கே உட்கார்ந்து வரைஞ்சேன். சிப்பிக்கு, கடற்கரைக் கடைகளில் பளபளன்னு ஒரு நாட்டிலஸ் ஓடு பார்த்து வெச்சிருந்தேன்.

ரெண்டுமே கைவிட வேண்டியதாச்சு. நாட்டிலஸ் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிற உயிரினம். கடையில் இருக்குங்கிறதால வாங்கலாம்னு அர்த்தம் இல்லை. சங்கு, சிப்பி எது வாங்கினாலும் அது என்ன இனம்னு முதல்ல கேளுங்க.

யாளியை நிறுத்தினது ஒரு சிற்பி அண்ணன். என் படத்தைப் பார்த்துட்டு, "தம்பி, இது கல்லுக்கு வரைஞ்ச கோடு. கல்லுல பள்ளம் இருக்கு, நிழல் விழும், அதனால யாளி தெரியும். உன் சிப்பி தட்டையாத்தானே இருக்கப் போவுது?"ன்னார். நாலு மாசமா எந்த வீடியோவும் எனக்குச் சொல்லாத விஷயம் அது. இன்லேயில் நிழல் கிடையாது, வெளிக்கோடு மட்டும்தான். படத்தைக் கறுப்பு மையால் முழுசா நிரப்பிப் பாருங்க. அப்பவும் என்னன்னு தெரிஞ்சா அந்த வடிவம் தாங்கும். என் யாளி, மையில் ஒரு காலிஃபிளவர் மாதிரி இருந்துச்சு.

அப்புறம் சிப்பி கிடைச்சது வீட்டுப் பக்கத்திலேயே. செங்கல்பட்டைச் சுத்தி இருக்கிற ஏரிகளில் கோடையில் தண்ணி வத்தினா, கரையில் மட்டி ஓடு கிடக்கும். நன்னீர் முத்து வளர்க்கப் பயன்படுத்துறதும் இந்த வகை மட்டிதான். வெளியே பழுப்பு, உள்ளே வெள்ளி மினுமினுப்பு. ஆனா ஓடு வளைஞ்சிருக்கும், அதனால தட்டையா சின்னச் சின்னத் துண்டுதான் தேறும். சின்னத் துண்டுக்கு ஏத்த வடிவம் எது? கட்டுமரம். கோவளம் கடற்கரையில் சின்ன வயசுல பார்த்தது. மூணு கட்டை, மூணு துண்டு சிப்பி, நடுவில் தெரியுற மரமே கட்டைகளுக்கு இடையில் இருக்கிற கோடு.

இப்ப வேலை. படத்தைக் காகிதத்தில் வரைஞ்சு சிப்பி மேல ஒட்டுங்க. நகை வேலைக்காரங்க வெச்சிருக்கிற நூல் மாதிரி ரம்பம் போதும், பல் கீழ்நோக்கி இருக்கணும். V வெட்டு போட்ட பலகையில் சிப்பியை வெச்சு, ரம்பத்தை நேரா மேலயும் கீழயும் ஓட்டுங்க. சாய்ச்சா பிளேடு உடையும். நான் முதல் நாள் ஏழு உடைச்சேன். சிப்பித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணி தொட்டுத் தொட்டு வெட்டுங்க, N95 முகக்கவசம் கட்டாயம்.

அடுத்து, சிப்பியை ஈட்டி மரத் தகட்டில் வெச்சு, சுத்திக் கூர்க்கத்தியால் கீறணும். கறுத்த மரத்தில் கீறல் கண்ணுக்குத் தெரியாது. நான் பூஜை அறை விபூதியை எடுத்துத் தேய்ச்சேன், கோடு வெள்ளையாப் பளிச்சுன்னு வந்துச்சு. பிறகு 1 மி.மீ. பிட் போட்ட சின்ன ரவுட்டரால் தோண்டணும். ஆழம் சிப்பித் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவா இருக்கட்டும், மீதியைத் தேய்ச்சுச் சமமாக்கலாம்.

இங்கதான் எனக்கு அடி. மூணாவது பள்ளத்தில் பிட் இறுக்கம் விட்டுக் கீழே இறங்கிடுச்சு. 2 மி.மீ. தகட்டைத் தாண்டி, அடியில் வெளிறின கழுத்து மரம் தெரிஞ்சுது. கதவைச் சாத்திட்டு வெளியே போய் டீ குடிச்சேன். மறுநாள் ஈட்டி மரத்தூளை எபாக்ஸியில் குழைச்சுப் பள்ளத்தை நிரப்பி, இறுகவிட்டு, திரும்பத் தோண்டினேன். அதே குழைவுதான் சிப்பியை ஒட்டவும், விளிம்பு இடைவெளியை மூடவும் உதவுச்சு. ஒவ்வொரு பள்ளத்துக்கு அப்புறமும் பிட்டைச் சரி பாருங்க, முதல்ல கழிவு மரத்தில் பழகுங்க.

கடைசியா, உப்புத்தாளை விரலால் தேய்க்காதீங்க, கட்டையில் சுத்தித் தேய்ங்க. சிப்பியைவிட மரம் மென்மை, விரலுக்குக் குழிஞ்சிடும்.

இப்பவும் மூணாவது கட்டையைச் சுத்தி ஒரு கறுப்புக் கோடு கொஞ்சம் தடிமனா இருக்கு. பார்க்கிறவங்க அதைக் கட்டுமரத்தைக் கட்டின கயிறுன்னு நினைக்கிறாங்க. நான் மறுக்கிறதில்லை. அடுத்த எபிசோடில் பாலிஷ்.