நெய்யும் நெஞ்சும்



புலால் மறுத்தவருக்குக் கொலஸ்ட்ரால் மிகாது என்னும் நம்பிக்கை சமண இல்லங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. அது முழு உண்மையன்று. உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலும் பிற உறுப்புகளுமே ஆக்கிக்கொள்கின்றன. நெய், வெண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகியவற்றின் நிறைவுற்ற கொழுப்பு உணவில் மிகுந்தால், எல்.டி.எல். என்னும் தீய கொழுப்பைக் கல்லீரல் இரத்தத்திலிருந்து அகற்றும் ஆற்றல் குறைகிறது. அகலாத கொழுப்பு தமனியின் சுவரில் படிகிறது. எண்ணெய்ப் புட்டியின்மேல் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அச்சிடுவது வணிகச் சாதுரியமே. தாவர எண்ணெயில் அது பொருட்படுத்தும் அளவில் என்றுமே இருந்ததில்லை.

1948-இல் கல்கத்தாவில் தோன்றிய இந்திய இதயவியல் கழகம், மாநாடுகளாலும் தன் ஆய்விதழாலும் மருத்துவர்க்கு அண்மை அறிவை அளித்துவருகிறது. ஆயினும் கொழுப்பு மிகைக்கு இந்நாட்டு மருத்துவர்கள் பெரிதும் அமெரிக்க, ஐரோப்பிய நெறிகளையே சார்ந்திருந்தனர். இந்தியர்க்கெனத் தன் முதல் வழிகாட்டு நெறிகளைக் கழகம் 2024 ஜூலையில்தான் வெளியிட்டது. அதன்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் எல்.டி.எல். பொதுமக்களுக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைந்திருத்தல் வேண்டும். சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் போன்றவற்றால் இடர் மிக்கவர்க்கு அவ்வெல்லை 70. மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்க்கு 55. ஆய்வுக்கூடத் தாளில் 'இயல்பு' என்றிருப்பது எல்லார்க்கும் இயல்பன்று.

முதற் சோதனை 18 வயதிலேயே வேண்டும் என்கிறது அந்நெறி. தந்தையோ தமையனோ இளமையில் மாரடைப்பால் மறைந்த குடும்பமாயின் அதற்கும் முன்பே. லைப்போபுரோட்டீன் ஏ என்னும் மரபுவழிக் கொழுப்பு இந்தியருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்க்கு மிகுந்துள்ளது. உணவுக் கட்டுப்பாடு அதனை அசைப்பதில்லை. மேலும், முதற் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. காஞ்சியில் குழித்தறியில் அமர்ந்து கோர்வை போடும் நெசவாளர்க்கு இது சிறிய செய்தியன்று. ஒரு முற்பகல் தறி நின்றால் அன்றைய கூலி குறையும்.

மருந்துண்ணத் தயங்குவோரின் ஐயங்களும் மதிக்கத்தக்கன. மருந்துக் கூடுகள் பல விலங்கின் எலும்பிலும் தோலிலுமிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. மீனெண்ணெய்க் கூடுகளைச் சொல்லவே வேண்டா. ஆனால் ஸ்டாட்டின் மருந்துகள் பெரும்பாலும் மாத்திரைகளாகவே கிடைக்கின்றன. அவ்வகையின் முதல் மருந்தை ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970-களில் கண்டெடுத்தது ஒரு பூஞ்சையிலிருந்து. இன்று பெரிதும் வழங்கும் அட்டார்வாஸ்டாட்டின் வேதிமுறையில் ஆக்கப்படுவது. மாத்திரையில் சேரும் பிற பொருள்களைப்பற்றி ஐயமிருப்பின் மருந்தாளுநரிடம் கேட்டறியலாம்.

மருந்துச் சீட்டில் 'இரவு' என்றெழுதுவது மருத்துவர் வழக்கம். கதிரவன் மறைந்தபின் எதுவும் உட்கொள்ளாதவர் அதனைக் கண்டு மாத்திரையையே கைவிடுவதுண்டு. அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டும் நெடுநேரம் உடலில் நின்று செயல்படுவதால் பகலிலும் உண்ணத்தக்கவை. நாள்தோறும் ஒரே வேளையில் உண்டால் போதும். தம் நோன்பு முறையை மருத்துவரிடம் முதல் நாளே எடுத்துரைத்தால், 'இரவு' என்பதை அவரே 'காலை' என்று மாற்றி எழுதித் தருவார்.