போர்க்காலமும் கடனாளியின் நற்பெயரும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் அளிப்பதை நற்செயலாகப் போற்றுபவர்கள் நாம். வட்டி பற்றிய மார்க்கச் சட்டத்தை உலமாக்கள் விளக்குவார்கள்; அது இவ்வுரையின் பொருளன்று. போர் ஒருவரின் வருவாயைத் தடுத்துவிட்டால், 'தவணை தவறியவர்' என்ற பழி அவர் பெயரில் தங்கலாமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினாவாகும்.

ஒருவரது நாணயத்தை முற்காலத்தில் கடைத்தெரு அறிந்திருந்தது. இன்று கணினிப் பதிவேடுகள் அதனைக் கூறுகின்றன. அமெரிக்காவில் எக்குவிஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்கள் இப்பதிவுகளை வைத்திருக்கின்றன. தவணை தவறிய குறிப்பு பொதுவாக 7 ஆண்டுகள் வரை அதில் நீடிக்கும். புதிய கடன் கிடைப்பதும், வாடகை வீடு கிடைப்பதும் அதனைப் பொறுத்தே அமைகின்றன. போர் ஓராண்டில் முடிந்தாலும் பதிவேட்டின் கறை ஓராண்டில் அழிவதில்லை.

இந்த அநீதியைத் தடுக்க அந்நாடு படிப்படியாகச் சட்டம் செய்தது. முதல் உலகப் போரின்போது 1918-லும், பின்னர் 1940-லும் படைவீரர்களின் கடன், வழக்கு ஆகியவற்றில் சலுகை தரும் சட்டங்கள் பிறந்தன. பணியில் சேருமுன் பெற்ற கடனுக்கு, பணிக்காலத்தில் 6 விழுக்காட்டிற்கு மேல் வட்டி கூடாது என்ற விதி 1942-ல் வந்தது. ஆனால் சலுகை கேட்டவரையே நம்பகமற்றவர் எனக் கடன் கொடுத்தோர் குறித்துவிட்டால் என்ன பயன்? வளைகுடாப் போர்க் காலத்தில், 1991 மார்ச் மாதத்தில், இதற்கும் விதி செய்தனர். 2003 டிசம்பரில் பழைய சட்டத்தைத் திருத்தி எழுதியபோதும் அவ்விதி நிலைபெற்றது.

அவ்விதி கூறுவது இதுதான்: சட்டம் தந்த சலுகையைக் கோரியது ஒன்றையே காரணமாகக் கொண்டு, ஒருவர் கடனைத் தீர்க்க இயலாதவர் என முடிவு செய்யக்கூடாது, கடனை மறுக்கவோ, அதன் நிபந்தனைகளை மாற்றவோ கூடாது, பதிவேட்டு நிறுவனத்திற்குப் பாதகமான அறிக்கை அனுப்பவும் கூடாது.

சகோதரர்களே, இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உரிமையைப் பயன்படுத்தியதற்காகக் கறை படியாதே தவிர, குறைக்கப்பட்ட தவணையையும் கட்டாமல் விட்டால் கறை படியவே செய்யும். மேலும், வட்டிச் சலுகை பெற வீரர் எழுத்து மூலம் விண்ணப்பித்து, பணி ஆணையின் நகலையோ பணிக்கான வேறு தகுந்த சான்றையோ இணைக்க வேண்டும். பணி முடிந்த 180 நாட்களுக்குள் இதனைச் செய்யலாம். இவ்வளவு இருந்தும், 2022 டிசம்பரில் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட ஆய்வு வருத்தமளிக்கிறது. பணிக்கு அழைக்கப்பட்ட துணைப்படையினரின் தகுதியுள்ள வாகனக் கடன்களில், 2007 முதல் 2018 வரை பத்தில் ஒன்றுக்கும் குறைவானவையே சலுகை பெற்றனவாம். சட்டம் ஏட்டில் இருந்தது, கேட்பார் குறைவு.

இச்சட்டம் அடிப்படையில் படையினருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் உரியது. குண்டு விழுந்து கடையும் வீடும் இழந்த பொதுமக்களுக்கு என்ன வழி? உக்ரைன் நாட்டில் 2022 பிப்ரவரி 24 அன்று போர்க்காலச் சட்டம் அமலாயிற்று. அடுத்த மாதமே அந்நாட்டு நாடாளுமன்றம், போர்க்காலத்திலும் அதன்பின் 30 நாட்களிலும் தாமதமாகும் கடன்களுக்கு அபராதம் விதிக்கலாகாது எனச் சட்டம் செய்தது. அசலும் ஒப்புக்கொண்ட வட்டியும் தள்ளுபடியாகவில்லை. தாமதத்திற்கான தண்டனை மட்டுமே நீக்கப்பட்டது. கடன் கொடுத்தவரின் உரிமையும் வாங்கியவரின் மானமும் ஒருசேரக் காக்கப்பட வேண்டும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

போர் நமக்குத் தொலைவில் இருப்பதாக எண்ண வேண்டாம். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது ரிசர்வ் வங்கி தவணைகளை ஒத்திவைக்க அனுமதித்தது. அவ்வாறு ஒத்திவைத்தது கடனாளியின் பதிவேட்டைப் பாதிக்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. நெறி ஒன்றே: இயலாமை வேறு, ஏமாற்று வேறு.

ஆகவே நாம் வேண்டுவன சில. நெருக்கடி வந்தால் தவணை தவறிய பின் அன்றி, தவறுமுன்னரே வங்கிக்கு எழுதுங்கள். எழுதியதன் நகலையும் பதிலையும் பத்திரப்படுத்துங்கள். நம் நாட்டில் கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும். அதனைப் பெற்றுப் பார்த்து, பிழையிருப்பின் திருத்தக் கோருங்கள். எழுதப் படிக்க இயலாத முதியோருக்கும் விதவையருக்கும் நம் மஹல்லாவின் படித்த இளைஞர்கள் இம்மனுக்களை எழுதித் தருவார்களாக. பணம் கொடுக்க இயலாதவரும் செய்யக்கூடிய உதவி இது.